அந்த ஒற்றை 'ம்'

அக்கா மகள் படித்து முடித்துவிட்டு என் மேசையில் போட்டுவிட்டுப் போன, பதின்வயதினருக்கான நாவல் அது. 16 வயதுப் பெண், அவள் வகுப்புப் பையன், ஒரு கோடை விடுமுறை. கதை அவ்வளவுதான். 44 வயதில் இதையெல்லாம் படிப்பதா என்று ஓரமாக வைத்திருந்தேன். தூக்கம் வராத ஒரு ராத்திரி கையில் எடுத்தேன், முடிக்கும்போது மணி மூன்றே கால். நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது போகப்போகப் புரியும்.

முதல் ஐம்பது பக்கம் எரிச்சல்தான். இவள் நீளமாக ஒரு மெசேஜ் அனுப்புகிறாள். அவனிடமிருந்து 'ம்' என்று ஒற்றை எழுத்தில் பதில். அந்த 'ம்'முக்கு நாலு பக்கத்துக்கு அர்த்தம் தேடுகிறாள். கோபமா, சலிப்பா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? "அடியே, அவன் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பான்டி" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஒருவன் திருப்பிக் கொடுத்த கணக்கு நோட்டை, அழித்த தடம் ஏதாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவள்தானே நானும்? கணக்கு மட்டும்தான் இருந்தது. அதுவும் தப்பான விடை. அந்த நோட்டை ரொம்ப நாள் தூக்கிப் போடவில்லை.

பெரியவர்களுக்கான நாவல்களிலும் பதின்வயதுக் காதல் வரும். ஆனால் அங்கே கதை சொல்பவருக்குத் தலை நரைத்திருக்கும். அந்தப் பையன் என்ன ஆனான் என்பது தெரிந்த பிறகு, ஒரு சின்னச் சிரிப்போடுதான் சொல்வார். இந்த நாவலில் அந்த வசதி கிடையாது. நாமெல்லாம் 'முதல் காதல்' என்கிறோம், அவள் ஓரிடத்தில்கூட அப்படிச் சொல்வதில்லை. இரண்டாவது என்று ஒன்று வந்தால்தானே இது முதலாவது? அவளுக்கு இருப்பது இது ஒன்றுதான். அதனால்தான் நாலு பக்கம். அந்த இடம் பிடிபட்ட பிறகு எரிச்சல் போய்விட்டது.

நமக்கும் எல்லாம் நினைவிருக்கிறதே என்பீர்கள். பத்து வயது முதல் முப்பது வரை நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகமாக மேலெழும் என்று நினைவாற்றலை ஆராய்பவர்களும் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் நம்மிடம் மிஞ்சியிருப்பது பலமுறை சொல்லிச் சொல்லி மழுங்கிய கதை. என் கணக்கு நோட்டையே பாருங்கள், அதை இப்போது நகைச்சுவையாகத்தான் எனக்குச் சொல்ல வருகிறது. அன்றைக்கு அதில் சிரிக்க எதுவும் இருக்கவில்லை.

இந்த வகை எழுத்து நேற்று முளைத்ததும் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் மௌரீன் டேலி, 17 வயதுப் பெண்ணின் ஒரு கோடைக்காலக் காதலை நாவலாக்கி 1942இல் வெளியிட்டபோது அவருக்கே 21 வயதுதான். இன்னோர் அமெரிக்க எழுத்தாளர் ஜூடி ப்ளூம் 1975இல் 'ஃபாரெவர்' எழுதக் காரணம் அவருடைய மகள். காதலித்து நெருங்கிப் பழகும் பிள்ளைகள் யாரும் கடைசியில் சாகாத ஒரு கதை வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாளாம். தலைப்பு 'என்றென்றும்', கதையில் அந்தக் காதல் நிலைக்காது. இருவரில் யாரும் சாகாமலே முடிந்துபோகும். அந்தப் புத்தகத்தைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லிப் பல வருடங்கள் சண்டை நடந்தது.

அந்த மகளின் புகார் எனக்கு இன்றும் நியாயமாகவே படுகிறது. காதலர்களில் ஒருவருக்குத் தீராத நோயைக் கொடுத்தால்தான் வாசகர் அழுவார் என்று நினைக்கும் நாவல்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 'ஐந்து வருடம் கழித்து' என்று கடைசி அத்தியாயத்தில் கல்யாணம் செய்து வைப்பது அதைவிட மோசம். நான் படித்ததில் இரண்டும் இல்லை. விடுமுறை முடிகிறது, பள்ளி திறக்கிறது, பையன் வேறு பெஞ்சில் போய் உட்காருகிறான். அவ்வளவுதான். நான் அழுதேன், அது வேறு விஷயம்.

பாதி படிக்கும்போதுதான் பென்சில் கோடுகளைக் கவனித்தேன். அக்கா மகள் போட்டவை. முத்தக் காட்சியில் ஒன்றுகூட இல்லை. ஓர் இரவு அந்தப் பெண் அழுதுகொண்டிருக்க, அம்மா அறை வாசல் வரை வந்து எதையோ கேட்க வாயெடுத்து, "விளக்கை அணைக்கவா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறாள். அந்த ஒரு பத்தியின் கீழே முழுக்கக் கோடு, தாளின் மறுபக்கம் தடம் தெரியும் அளவுக்கு. அடுத்தவர் டைரியைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. பெயரைச் சொல்லாததற்கு இதுதான் காரணம்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எப்படி சித்தி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருக்கு. அந்த 'ம்' மட்டும் கொஞ்சம் ஓவர்."

"அது ஓவரே இல்ல சித்தி" என்றாள். சிரிக்கவில்லை.

என்னவோ கேட்க வாய் வரை வந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.