எல்லையைப் பற்றிப் பேசும் எம்.பி.க்களே, முழக்கம் போதும், பதிலை வாங்குங்கள்

ஒரு எம்.பி. பூஜ்ய நேரத்தில் எழுந்து சீன எல்லையைப் பற்றியோ உளவுத்துறை கோட்டை விட்டதைப் பற்றியோ இரண்டு நிமிடம் ஆவேசமாகப் பேசினால், பொழுது சாய்வதற்குள் அந்தக் காணொளி எல்லார் கைப்பேசிக்கும் வந்துவிடுகிறது. அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று யாரும் தேடுவதில்லை. பெரும்பாலும் எதுவும் சொல்லியிருக்கவும் மாட்டார். பூஜ்ய நேரம் என்பது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்புவதற்காக, மக்களவை நடைமுறை விதிகளில் இல்லாமல், பழக்கத்தில் வந்த ஏற்பாடு. அதில் எழுப்பியதற்கு அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

அரசைக் கட்டிப்போடுவது கேள்விதான். குறைந்தது 15 முழு நாள் முன்னதாக அதை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரை தரலாம். நட்சத்திரக் குறியிட்டதாக, அதாவது அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியதாக, ஒன்றுதான் பட்டியலில் வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 எழுத்துப்பூர்வக் கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு நேரம் கிடைத்தால் துணைக் கேள்வி கேட்கலாம். ஆனால் கேள்வி நேரம் எனப்படும் அந்த ஒரு மணி நேரத்தில் சில கேள்விகள்தான் தேறும், அதுவும் அமளி இல்லாவிட்டால். மீதி எல்லாம் காகிதத்தில் பதிலாக வரும். அந்தக் காகிதத்தை நான் குறைவாக மதிப்பதில்லை. அது அவைக்குறிப்பில் நிற்கும், பொய்யாக இருந்தால் உரிமைமீறல் பிரச்சினை ஆகும்.

கேள்வியை எழுதுவதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். 150 சொற்களுக்கு மேல் போகக்கூடாது. வாதம், ஊகம், கிண்டல், குற்றச்சாட்டு இருக்கக்கூடாது. 'அரசு சீனாவிடம் பணிந்துவிட்டதா' என்று எழுதினால் அவையின் செயலகத்திலேயே நின்றுவிடும். தப்பித் தவறி உள்ளே போனாலும், எந்த அமைச்சகத்தை எப்படிக் கேட்டோம் என்பது முக்கியம். 2020 செப்டம்பரில் மாநிலங்களவையில் பாகிஸ்தான், சீன எல்லைகளில் ஊடுருவல் பற்றி உள்துறையிடம் கேட்டார்கள். கடந்த ஆறு மாதத்தில் இந்திய-சீன எல்லையில் ஊடுருவல் எதுவும் பதிவாகவில்லை என்று பதில் வந்தது. லடாக்கின் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 வீரர்கள் இறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முந்தைய நாள்தான் மக்களவையில் பாதுகாப்பு அமைச்சர் சீனப் படைகளின் அத்துமீறல் முயற்சிகளை விவரித்திருந்தார். உள்துறையின் ஏட்டில் ஊடுருவல் என்றால் பயங்கரவாதிகள் எல்லை தாண்டுவது. இதே கேள்வியைப் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு, இடத்தையும் தேதியையும் குறிப்பிட்டு அனுப்பியிருந்தால் இப்படி நழுவ முடிந்திருக்காது.

சரியாக எழுதினாலும் கதவு மூடப்படுவதுண்டு, அது எனக்கு ஏற்புடையதல்ல. சீனர்கள் எல்லையிலுள்ள மெய்யான கட்டுப்பாட்டுக் கோட்டை (எல்.ஏ.சி.) தாண்டினார்களா என்று 2021-இல் சுப்பிரமணியன் சுவாமி கேட்டபோது, நாட்டு நலன் கருதி அனுமதிக்க முடியாது என்று மாநிலங்களவைச் செயலகம் தெரிவித்ததாக அவரே வெளியில் சொன்னார். அப்போது அவர் ஆளுங்கட்சி உறுப்பினர்! ஆனால் 1962-இல் சீனாவோடு போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்ற யோசனையை நேரு மறுத்துவிட்டு அவையைத் திறந்து வைத்தே விவாதித்தார்.

ஆகவே படை எங்கே நிற்கிறது என்பதைவிட, பணம் எங்கே போனது, வேலை எப்போது முடியும் என்று கேட்பது பலன் தரும். அதற்கு 'இரகசியம்' என்று சொல்வது கடினம். சீன எல்லையில் 61 சாலைகளை 2012-க்குள் முடிக்கத் திட்டம். 2016 மார்ச் வரை முடிந்தது 22 என்று அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜி 2017-இல் எழுதியது. அதே ஆண்டு வெடிமருந்து பற்றிய அறிக்கை இன்னும் மோசம். 40 நாள் போருக்குக் கையிருப்பு வேண்டும். ஆனால் ஆய்வு செய்த 152 வகைகளில் 61 வகை பத்து நாளுக்குக்கூடத் தாங்காது. பூடானை ஒட்டிய டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்ற நேரத்தில் இது அவைக்கு வந்தது. 2018-இல் நாடாளுமன்றத்தின் பாதுகாப்பு நிலைக்குழு முன் ராணுவத் துணைத் தளபதி, தளவாடங்களில் 68 விழுக்காடு பழையவை என்றார். நவீனமயமாக்கலுக்குக் கிடைத்த 21,338 கோடி ரூபாய், ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 29,033 கோடி பாக்கிக்கே போதவில்லை. இந்த எண்களைத் தந்தது எதிர்க்கட்சி மேடை கிடையாது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த, முன்னாள் மேஜர் ஜெனரல் கந்தூரி தலைமையிலான குழு. ஒரு எம்.பி. இந்த வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் 'இப்போது எவ்வளவு' என்று கேட்டாலே போதும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் கூடங்குளம். 2019 அக்டோபர் 29 அன்று இணையத் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றது அணுமின் நிலையம். மறுநாளே அதை நடத்தும் இந்திய அணுமின் கழகம் தீம்பொருள் இருந்ததை ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்திருக்கிறது, பாதிக்கப்பட்டது நிர்வாக வேலைக்கான, இணைய இணைப்புள்ள கணினி, உலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனியாக இருக்கின்றன என்றும் சொன்னது. இங்கே கேட்க வேண்டியது: அந்தக் கணினி எந்தத் தேதியில் துண்டிக்கப்பட்டது, மறுப்பு அறிக்கை யார் ஒப்புதலில் வெளிவந்தது, தணிக்கைக்குப் பின் எத்தனை பரிந்துரைகள், அவற்றில் நிறைவேறியவை எத்தனை. இதில் உலையின் ரகசியம் எதுவும் இல்லை.

பதிலில் 'தகவல் திரட்டப்படுகிறது', 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அந்தப் பதில்கள் அரசு நாடாளுமன்றத்துக்குத் தந்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறக்கூடியவை. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அமைச்சகங்கள் கால நீட்டிப்புக் கேட்கும், சில சமயம் கைவிடவும் கேட்கும். கேட்ட எம்.பி. உறுதிமொழிக் குழுவுக்கு எழுதித் துரத்தாவிட்டால் விஷயம் அங்கேயே படுத்துவிடும்.

2023 டிசம்பர் 13 அன்று மக்களவைக்குள் புகைக் குப்பியோடு குதித்தார்கள். உள்துறை அமைச்சர் அறிக்கை தர வேண்டும் என்று கேட்ட எம்.பி.க்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தத் தொடரில் இரு அவையிலும் சேர்த்து 146 பேர். கனிமொழி, ஜோதிமணி, சு.வெங்கடேசன் எல்லாம் முதல் நாள் பட்டியலிலேயே இருந்தார்கள். அவையிலேயே இல்லாத சேலம் எம்.பி.யின் பெயரைச் சேர்த்துவிட்டுப் பிறகு நீக்கினார்கள். கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் பலர் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு: இடைநீக்கமானவர்களின் கேள்விகளும் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. எம்.பி.யை வெளியேற்றினாலும் அவர் ஏற்கெனவே கொடுத்த கேள்விக்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்று விதியைத் திருத்தச் சொல்லி எல்லாக் கட்சியும் கேட்க வேண்டும்.

இன்னொன்று உளவு அமைப்புகள். உள்நாட்டு உளவு அமைப்பான ஐ.பி.யும் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் கீழ் இயங்கவில்லை. பிரிட்டனில் 1994 முதல் உளவு அமைப்புகளைக் கண்காணிப்பதற்கென்று எம்.பி.க்கள் குழு சட்டப்படி இருக்கிறது. இங்கே 2011-இல் காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி இந்த அமைப்புகளைச் சட்டத்துக்குள் கொண்டுவரத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. அதைத் தூசு தட்டி மறுபடி கொண்டுவர ஒரு தமிழக எம்.பி. முன்வந்தால், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்த மசோதாவைப் பற்றி இங்கே வரி வரியாக எழுதுவேன்.