தட்டில் மீன் இருந்த இடம்

மீன், கறி, முட்டை எல்லாவற்றையும் விட்ட எட்டே மாதத்தில் என் எடை ஏழரைக் கிலோ ஏறியது. எழுத்துப்பிழை இல்லை. ஏறியதுதான். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர், நான் வெளியே சைவம் என்று சொல்லிக்கொண்டு ராத்திரியில் எங்கோ போய்ப் பிரியாணி தின்கிறேன் என்று நினைக்கிறார்கள். என் மைத்துனர் அதை முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

நான் தூத்துக்குடிக்காரன். வாரத்தில் ஐந்து நாள் மீன் வாங்குகிற வீடு எங்களுடையது. சாளை, நெத்திலி, அயிலை, கையில் காசு இருந்தால் பாறை. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டேன். அதற்கு முன்பும் நான்கு முறை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய மறுநாளே மீன் குழம்புக்கு உட்கார்ந்துவிடுவேன். இந்த முறை என் மனைவி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தாள். வாசனை பிடித்திருந்தது. ஆனால் கை போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கொல்லாமைக் கொள்கையும் இல்லை, ஆரோக்கியக் கவலையும் இல்லை. ஏன் என்று எனக்கே இன்றுவரை தெரியாது. சரி, போகிறவரை போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாலை போடும்போது 74 கிலோ இருந்தேன். மலைக்குப் போய் வந்தபோது எழுபத்தொன்றரை. என் அறிவு அங்கேதான் வழுக்கியது. 'பார், மீனை விட்டதும் உடம்பு எப்படி இளைத்தது!' என்று முடிவு கட்டினேன். அந்த மண்டல காலத்தில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று யோசிக்கவே இல்லை. விடிவதற்கு முன் குளித்துவிட்டுச் செருப்பில்லாமல் சிவன் கோயிலுக்கு நடந்து போய் வருவேன். சாயங்காலம் மறுபடியும் அதே நடை. காலையில் பூஜை முடியும்வரை பச்சைத் தண்ணீர்தான். ராத்திரி இரண்டு இட்லி. நண்பர்களோடு ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாக் கடையில் உட்காருவது கிடையாது. அதற்கு முன்னால் உட்காருகிற இன்னொரு கடையும் கிடையாது. கடைசியில் பம்பையிலிருந்து சன்னிதானம்வரை ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். இத்தனையும் செய்தவன், இளைத்த பெருமையைக் கோழிக்கும் மீனுக்கும் கொடுத்துவிட்டேன்.

மாலையோடு நடையையும் கழற்றி வைத்தேன். ராத்திரி இரண்டு இட்லி ஆறு தோசை ஆயிற்று. மிச்சம் நின்றது சைவம் ஒன்றுதான். எடையைக் குறைக்க அது போதும் என்று முழுமையாக நம்பினேன்.

வேட்டி கட்டுகிறவனுக்கு உடம்பு பெருப்பது தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேட்டிக்கு அளவு கிடையாது, கூட ஒரு அங்குலம் இழுத்துச் செருகினால் போதும். ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக பேன்ட் போட வேண்டி வந்தபோதுதான் பெல்ட் உண்மையைச் சொன்னது. எடை பார்த்தால் 79, மலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிட ஏழரைக் கிலோ கூடுதல். என் உயரம் 168 சென்டிமீட்டர். உயரத்துக்கு எடை சரிதானா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கில் 28 வருகிறது. நம்மைப் போன்ற ஆசிய உடம்புக்கு 23க்கு மேல் போனாலே எச்சரிக்கை என்கிறார்கள்.

மருத்துவரிடம் போனேன். தைராய்டு சரியாக இருந்தது. ரத்தத்தில் இருக்கும் கொழுப்பு வகையான டிரைகிளிசரைடு 214. அது 150க்குள் இருக்க வேண்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1, அதாவது சர்க்கரை நோயின் வாசற்படி. 'அசைவம் சாப்பிடுவீர்களா?' என்று கேட்டார். இல்லை என்றேன். 'ரொம்ப நல்லது, அப்படியே தொடருங்கள்' என்று சீட்டை நீட்டினார். அசைவத்துக்குப் பதிலாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. சைவம் என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டதும் எங்கள் இருவருக்கும் மனம் நிறைந்துவிட்டது.

கணக்குப் பார்த்தது என் மகள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். கேக் செய்வதற்கென்று ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், 'அப்பா, எப்போதும் போல் போட்டுக்கொள்ளுங்கள்' என்று என் தட்டை அதன்மேல் வைத்தாள். தட்டின் எடையைக் கழித்தால் சோறு மட்டும் 480 கிராம். சுமார் 620 கலோரி. இத்தனைக்கும் அது இரண்டாவது முறை போட்டுக்கொள்வதற்கு முந்தைய நிலவரம்.

அடுத்தது சாம்பார். வீட்டில் ஒரு நாளைக்கு 100 கிராம் துவரம்பருப்பு வேகவைக்கிறோம். நான்கு பேர், இரண்டு வேளை. அந்த 100 கிராமில் இருக்கும் புரதம் சுமார் 22 கிராம். எட்டாக வகுத்தால் ஒரு வேளைக்கு மூன்று கிராம்கூட இல்லை. முன்பு அதே இடத்தில் இரண்டு துண்டு மீன் இருந்தது, 150 கிராமாவது இருக்கும். அதில் முப்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகப் புரதம் கிடைத்துக்கொண்டிருந்தது. முப்பது போன இடத்தில் மூன்று! சாம்பாரில் பருப்பு இருக்கிறது, பருப்பில் புரதம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். எத்தனை கரண்டியில் எவ்வளவு என்று யாரும் சொல்லித் தரவில்லை.

அப்படியானால் மீன் இருந்த இடத்தில் தட்டில் என்ன வந்து உட்கார்ந்தது? உருளைக்கிழங்கு வறுவல். சேப்பங்கிழங்கு வறுவல். வாழைக்காய் வறுவல். அப்பளம். அதுவும் ஒன்று இல்லை, மூன்று. காய்கறி சாப்பிடுகிறவன் என்று பெயர். பச்சைக் காய் என் தட்டில் ஊறுகாய் அளவுக்குத்தான் இருந்தது. மாதத்துக்கு நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கிய வீடு ஆறு லிட்டர் வாங்குகிறது என்பதை மளிகைச் சீட்டைப் பார்த்து மகள்தான் கண்டுபிடித்தாள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் என்று இருக்கிறது. நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் வரும். அதே வழிகாட்டி பருப்பு, பயறு வகை 85 கிராம் வேண்டும் என்கிறது. எங்கள் வீட்டில் தலைக்கு 25 கிராம். எண்ணெயில் தாராளம், பருப்பில் சிக்கனம்.

இதில் என் மனைவியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வீட்டில் மற்ற மூன்று பேரும் மீன் சாப்பிடுகிறார்கள். ஒரு நாள் காலையில் எழுந்து 'நான் இனி சைவம்' என்று அறிவித்தவன் நான். இரண்டு குழம்பு வைக்க வேண்டி வந்தது அவளுக்கு. காலை எட்டு மணிக்குள் இன்னொரு அடுப்பில் சட்டென்று முடிகிற காரியம் உருளைக்கிழங்கை நறுக்கி எண்ணெயில் போடுவதுதான். உண்ணாமல் விடுகிறவன் ஒருவன், அதற்காக உழைக்கிறவள் இன்னொருத்தி. விரதப் பெருமை மட்டும் அவனுக்கு.

பிறகு, இரக்கம். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நம் ஊரில் சைவக்காரனைப் பார்த்து மரியாதைப்படுகிறவர்களைவிடப் பரிதாபப்படுகிறவர்கள் அதிகம். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், 'ஐயோ, தம்பிக்கு ஒன்றுமே இல்லையே' என்று பதறி எழுந்து வாழைக்காய் பஜ்ஜி போடுகிறார்கள். கறி விருந்துக்குப் போனால் எனக்கு மட்டும் தனியாக நெய்ச்சோறும் காலிஃபிளவர் வறுவலும் வரும். கூடவே பன்னீர் பட்டர் மசாலா. பன்னீரில் புரதம் உண்டு, மறுக்கவில்லை. நூறு கிராமுக்குப் பதினெட்டு கிராம் வரும். அதோடு இருபது கிராமுக்கு மேல் கொழுப்பும் வரும், அதற்கு மேல் ஊற்றுகிற வெண்ணெய் வேறு. என் அக்கா இருக்கிறாளே, நான் மீனை விட்ட நாளிலிருந்து வரும்போதெல்லாம் ஒரு டப்பா முறுக்கு கொண்டுவருகிறாள். மீன் சாப்பிட்ட காலத்தில் வெறுங்கையோடு வந்தவள்.

முட்டையையும் விட்டதால் எங்கள் ஊர் மக்ரூன் போயிற்று. முட்டை வெள்ளைக்கரு, முந்திரி, சர்க்கரை, அவ்வளவுதான் மக்ரூன். உண்மையில் எனக்கு மீனைவிட அதை விட்டதுதான் வலித்தது. அந்த வலிக்கு மருந்தாக அல்வாவைப் பிடித்தேன். அல்வா சைவம்தானே.

ஏழரைக் கிலோ என்றால் ஏதோ பூதம் போல் தின்றிருப்பேன் என்று தோன்றும். அப்படி இல்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேரத் தோராயமாக 7,700 கலோரி உபரியாக வேண்டும் என்பார்கள். எட்டு மாதத்துக்குப் பங்கிட்டால் நாளைக்கு சுமார் 240 கலோரி. இரண்டு உளுந்து வடை! அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் டீக்கடையில் நான்கு மணிக்கு நான் எடுப்பது சரியாக இரண்டு வடை. முன்பு அந்த நேரத்தில் எனக்குப் பசிக்காது, டீயோடு எழுந்துவிடுவேன். சைவமான பிறகுதான் நான்கு மணிப் பசி என்று ஒன்று வந்தது.

அந்தப் பசிக்குக் காரணம் சொல்லும் ஒரு கருத்து உண்டு. ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2005இல் முன்வைத்தது. வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து தொடங்கி மனிதர்களுக்கு வந்தவர்கள். தனக்கு வேண்டிய புரதம் கிடைக்கும்வரை உடம்பு பசியை விடாது என்பது அவர்கள் வாதம். சாப்பாட்டில் புரதம் நீர்த்துப்போனால், அந்த அளவை எட்டுவதற்காகவே நாம் மாவையும் கொழுப்பையும் கூடுதலாகத் தின்கிறோம் என்கிறார்கள். எல்லோருக்கும் எல்லா இடத்திலும் இது பொருந்துமா என்ற விவாதம் இருக்கட்டும். என் இரண்டாம் தட்டுச் சோற்றுக்கும் நான்கு மணி வடைக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதை எழுதினால் இரண்டு கட்சியும் வரும் என்று தெரியும். 'இதற்குத்தான் சொன்னோம், மனிதன் கறி தின்னப் பிறந்தவன்' என்று ஒரு கட்சி. அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் சைவம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் நம் மாநிலப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் அதிக எடை. இத்தனை பேரையும் சாம்பாரா பெருக்க வைத்தது? கறிக்குழம்பு ஊற்றினாலும் கீழே இருப்பது அதே சோற்று மலைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வாளர்களும் நாடு முழுவதும் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து என்று வந்திருக்கிறது. மீனும் கறியும் அந்த மலையின் ஓரத்தைக் கொஞ்சம் அரித்து வைத்திருந்தன. நான் அதையும் நிறுத்திவிட்டேன்.

இன்னொரு கட்சி, 'சைவம் சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று அமெரிக்காவிலேயே நிரூபித்திருக்கிறார்கள்' என்று வரும். உண்மைதான். கலிபோர்னியாவின் லோமா லிண்டாவை மையமாக வைத்து அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வில், பாலும் தொடாத முழுச் சைவர்களின் சராசரி பி.எம்.ஐ. 23.6, அசைவர்களுடையது 28.8. ஆனால் அந்த மக்களின் தட்டில் இருப்பது கொட்டைகள், பயறு, முழுத்தானியம். மதுவும் புகையும் கூடாது என்பது அவர்களுடைய மார்க்கம். அவர்களுடைய சைவமும் என்னுடைய சைவமும் பெயரில் மட்டும் சொந்தம். 'உயர்தர சைவ உணவகம்' என்று நம் தெருக்களில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த 'உயர்தர' எதைக் குறிக்கிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகம். உடம்பைக் குறிக்கவில்லை என்பது இப்போது உறுதி. அங்கே மதியச் சாப்பாட்டில் சோறு அளவில்லாமல் உண்டு, பருப்பு ஒரே ஒரு குட்டிக் கிண்ணம்.

மீனுக்குத் திரும்பச் சொல்லி அம்மாவிலிருந்து அலுவலக வாட்ச்மேன் வரை எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். திரும்பவில்லை. சோற்றை 250 கிராமாகக் குறைத்தோம், தராசு சமையலறையிலேயே தங்கிவிட்டது. பருப்பு இப்போது நாளைக்கு 200 கிராம். பருப்பு உருண்டைக் குழம்பு வாரத்தில் இரண்டு நாள், உருண்டையை ஆவியில் வேகவைத்துப் போடுகிறோம். அதை அரைத்து உருட்டுவது என் வேலை என்று ஒப்பந்தம். சாயங்காலம் வடைக்குப் பதில் டப்பாவில் சுண்டல்: கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு என்று மாறி மாறி. கோயிலில் கையளவு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்ற பண்டத்தை ஒரு நாளும் சாப்பாடாக நினைத்ததில்லை. சிவன் கோயில் நடையும் திரும்ப வந்துவிட்டது, செருப்போடு. இப்போது 76.3. டிரைகிளிசரைடு இன்னும் பார்க்கவில்லை, தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறேன்.

போன ஞாயிறு அக்கா வந்திருந்தாள். என் தட்டை எட்டிப் பார்த்தாள். கொஞ்சம் சோறு, கீரை, ஒரு கிண்ணம் தட்டைப்பயறு, மோர். அவள் கண் கலங்கியே விட்டது. 'என்ன தம்பி இது, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி? ஒரு அப்பளமாவது பொரிக்கட்டுமா?' என்றாள்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'ஒன்றே ஒன்று பொரி, அக்கா' என்றேன். இரண்டு கொண்டுவந்தாள்.