பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க வேண்டாம்

"500 வாட் என்று எழுதியிருக்கும் எந்தப் பவர் சப்ளையும் போதும், மிச்சப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடு" என்று, கணினி வாங்க ஆலோசனை கேட்ட தம்பிக்கு மேலே ஒருவர் சொல்லியிருப்பது தவறு. முதன்முதலாகக் கணினி வாங்கும் அந்தத் தம்பி தயவுசெய்து இதை நம்பிவிட வேண்டாம்.

அந்தப் பெரிய எண்ணை விடுங்கள். கணினிக்கு மின்சாரம் தரும் இந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற இடத்தைப் படியுங்கள். பிராசசருக்கும் கார்டுக்கும் மின்சாரம் அங்கிருந்துதான் போகிறது. காட்பாடியில் என் அக்கா மகனுக்கு ஒரு கடையில் கொடுத்த "500 வாட்" பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தது. பெருக்கினால் வெறும் 192 வாட்! ஆர்எக்ஸ் 6600 கார்டு மட்டுமே 132 வாட் கேட்கும்; ரைசன் 5 5600 பிராசசர் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். விளையாட்டு சூடுபிடித்ததும் திரை அணைந்துவிடும். கார்டுதான் பழுது என்று நினைத்து இரண்டு வாரம் அலைந்தான், பாவம்.

இந்த ஜோடிக்கு உண்மையான 450 வாட் போதும். 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும். 40 டிகிரி வெப்பத்திலும் அந்தத் திறன் கிடைக்குமா என்றும் பாருங்கள். மே மாதத்து வேலூர் மாடி அறையில் அது மிகவும் முக்கியம்.