சார், அது ஃபவுல்!

ஒரு மணி நேரத்தில் பதினோரு தடவை. எண்ணினேன். பதினோரு தடவையும் அதே பையன், துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களின் அதே குரலில்: "பரவால்ல சார், அது ஃபவுல்."

அந்த விளையாட்டுக் கூடத்து வாசலில் பலகை என்ன சொல்கிறது? நீலமும் சிவப்புமாகக் கண் சிமிட்டிக்கொண்டு 'பில்லியர்ட்ஸ்' என்கிறது. உள்ளே போனால் எட்டு பூல் மேசை இருக்கிறது. நகராத கார் ஒன்று இருக்கிறது, அதை வியர்க்க விறுவிறுக்க ஓட்டுகிறார்கள். முகத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு காற்றைக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மிளகாய்ப் பொடி தூவிய உருளைக்கிழங்கு இருக்கிறது, அதன் விலையைக் கேட்டால் பெட்டி மாட்டாமலே தலை சுற்றும். பில்லியர்ட்ஸ் மட்டும் இல்லை. இட்லிக் கடை என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே நூடுல்ஸ் மட்டும் விற்றால் சும்மா விடுவோமா?

"பில்லியர்ட்ஸ் ஆடணும்பா."

"இதுதான் சார் பில்லியர்ட்ஸ்."

"இது பூல்."

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

ஒண்ணுதானாம். தவிலும் மிருதங்கமும் ஒண்ணுதான், ரெண்டையும் தட்டத்தானே செய்கிறார்கள்.

மூலையில், ஹெல்மெட்டும் கல்லூரிப் பைகளும் குவிந்த ஒரு மேடை தெரிந்தது. உற்றுப் பார்த்தால் மேடையில்லை. பன்னிரண்டு அடிக்கு ஆறு அடி, பில்லியர்ட்ஸும் ஸ்னூக்கரும் ஆடுகிற அசல் முழு மேசை. பழைய சிநேகிதனைப் பேருந்து நிலையத்து பெஞ்சில் படுத்த கோலத்தில் பார்த்த மாதிரி இருந்தது. "அதைக் கொடு" என்றேன். "அது ஸ்னூக்கர் சார், ரேட் ஜாஸ்தி." சரி. "ஃபோன் நம்பர் சொல்லுங்க." சரி. "ஓடிபி வந்திருக்கும் பாருங்க." சரி, சரி, அதையும் சொன்னேன். இருபத்திரண்டு பந்துகளோடு ஒரு தட்டு வந்தது. அதில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். பில்லியர்ட்ஸுக்கு அவ்வளவுதான் வேண்டும். மூன்று பந்து.

பையன் தட்டையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். "மூணு பந்துன்னாலும் அதே ரேட்தான் சார்." பேரம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

இனி நடந்ததை நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். எனக்கு ஆறவில்லை.

பில்லியர்ட்ஸில் மூன்று வழியில் புள்ளி வரும். அடுத்த பந்தைப் பையில், அதாவது மேசையோரத்து ஓட்டையில், தள்ளலாம். நம் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டு கேனன் அடிக்கலாம். மூன்றாவது, சிவப்பில் பட்டு நம் பந்தே பைக்குள் போகலாம். அதற்குப் பெயர் இன்-ஆஃப், மூன்று புள்ளி. மறுபடி சொல்கிறேன், நம் பந்து உள்ளே போவது குற்றம் இல்லை, அதுதான் ஆட்டமே. மேசையின் ஒரு முனையில் வரைந்திருக்கும் அரைவட்டத்துக்குள் வெள்ளையை வைத்து, சிவப்பின் பாதியில் பட அடித்தால் வெள்ளை நடுப்பையில் போய் விழும். சிவப்பு மேலே போய் மறுமுனை விளிம்பின் குஷனில் முட்டி, சொல்லி வைத்த மாதிரி பழைய இடத்துக்கே இறங்கி வரும். வெள்ளையை எடுத்து வை, மறுபடி அடி. நல்ல கைக்கு அது நூல் நூற்கிற மாதிரி.

முதல் அடி. வெள்ளை நடுப்பையில் விழுந்தது. "அய்யய்யோ, ஃபவுல் சார்." இரண்டாவது. "திரும்ப ஃபவுல் சார்." அப்புறம் ஒன்று தவறியது. அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவன் ஒரு கையில் ஃபோனோடு வந்து கியூக் கோலால் பந்தை விசாரித்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தான். நான் மறுபடி இறங்கினேன். அப்போதுதான் அது நடந்தது. இருபது வருஷத்துக்கு அப்புறம் கை தானாகப் பேச ஆரம்பித்தது.

மூன்று. "ஃபவுல் சார்." ஆறு. "ஃபவுல் சார்." ஒன்பது. பையன் உருளைக்கிழங்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். பன்னிரண்டு. பக்கத்து மேசையில் ஆடிய நான்கு பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். பதினைந்து. அதில் ஒருவன் அருகில் வந்து, ரொம்ப மரியாதையாக, "அங்கிள், வொய்ட் உள்ள போகக் கூடாது, கலர் மட்டும்தான் போகணும்" என்றான். பதினெட்டு. "கையை லூசா விடுங்க அங்கிள்." இருபத்தொன்று. இன்னொருவன், "வயசானவரு, விடுறா" என்றான். இருபத்து நான்கு. என் அக்கா மகன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி, "மாமா, நீங்க ஜெயிக்கிறீங்களா தோக்குறீங்களா?" என்றான். இருபத்தேழு. "ஃபவுல் சார்." குரல் தழுதழுத்தது. அவன் குரல்தான்.

ஒன்பது இன்-ஆஃப், வரிசையாக. இதை நான் கற்றுக்கொண்ட ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் அடித்திருந்தால் மார்க்கர் அண்ணன் ஒவ்வொரு தடவையும் பந்தைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்து, ஸ்கோரைக் கோயில் மணி மாதிரி ஒரே தொனியில் சொல்லியிருப்பார். அவர் யாரையும் பாராட்டியதே இல்லை. இருபத்தைந்தைத் தாண்டினால் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார். அவ்வளவுதான் பாராட்டு. அவர் எழுந்து நிற்கவேண்டும் என்பதற்காகவே ஆடின காலம் அது.

பத்தாவது அடி. மேசையின் விளிம்பில், சரியாக என் பார்வைக் கோட்டில், யாரோ ஒரு கோல்டு காபிக் கோப்பையை வைத்தார்கள். மேசை மேல். பச்சைத் துணிக்கு அரை அங்குலம் தள்ளி. கை நடுங்கிவிட்டது. வெள்ளை பையின் வாயை முத்தமிட்டுவிட்டு வெளியே நின்றது. பிரேக் முடிந்தது, அதாவது விடாமல் புள்ளி எடுத்துக்கொண்டே போன வரிசை அறுந்தது.

கை தட்டினார்கள்! கூடம் முழுக்க. "சூப்பர் சார்! இப்பதான் கரெக்ட்!" பையன் என் தோளையே தட்டிக்கொடுத்தான்.

கேரம் ஆடி வளர்ந்த ஊர், ஸ்ட்ரைக்கர் உள்ளே விழுந்தால் மைனஸ் என்று தாய்ப்பாலோடு ஊட்டியிருக்கிறார்கள். அது எனக்கும் புரிகிறது. ஆனால் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் எந்த ஆட்டத்தில் வந்தார் என்றாவது ஒருவனுக்குத் தெரிய வேண்டாமா? வில்சன் ஜோன்ஸ். 1958, கல்கத்தா, உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ். தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் என்று இந்த நாட்டுக்கு முதலில் வந்ததே அதுதான். கிரிக்கெட்டில் நாம் உலகக் கோப்பையைப் பார்க்க இன்னும் 25 வருஷம் இருந்தது. 1964-ல் நியூசிலாந்து போய் இன்னொன்றும் தூக்கி வந்தார் மனுஷன். அக்கா மகனிடம் சொன்னேன். "இன்ஸ்டால இருக்காரா மாமா?" என்றான்.

மைக்கேல் ஃபெரைரா மூன்று முறை உலக அமெச்சூர் சாம்பியன்: 1977, 1981, 1983. அரசாங்கம் பத்மஸ்ரீ கொடுக்க வந்தபோது, கவாஸ்கருக்குப் பத்மபூஷண், எனக்கு மட்டும் ஒரு படி கீழா என்று வேண்டாம் என்றுவிட்டார். 1983-ல் பத்மபூஷணையே கொடுத்தார்கள். அந்த ஆட்டக்காரர்களுக்கு இருந்த ரோஷம் அது. நான் ஒரு கோல்டு காபியை நகர்த்தச் சொல்லத் தயங்கி நின்றேன்.

நம்ம கீத் சேத்தி 1992-ல் தொழில்முறை உலகப் பட்டத்தை வென்ற போட்டியில் அடித்த பிரேக் 1276. ஆயிரத்து இருநூற்று எழுபத்தாறு. இந்தக் கடையில் அடித்திருந்தால் எத்தனை "ஃபவுல் சார்" வாங்கியிருப்பார், பையன் தொண்டை என்ன கதியாகியிருக்கும் என்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கடுப்பில் எல்லாப் பழியையும் இந்தப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறேன், உண்மையில் ஆட்டத்துக்குக் குழி தோண்டியவர்கள் பெரியவர்களே. அளவுக்கு மீறி நன்றாக ஆடித் தொலைத்தார்கள். 1907-ல் டாம் ரீஸ் என்ற ஆங்கிலேயர் இரண்டு பந்தைப் பை வாயில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரே பிரேக்கில் 4,99,135 புள்ளி எடுத்தார். ஒரு நாளில்லை, வாரக்கணக்கில் நடந்தது. எதிராளி என்ன செய்தார் என்கிறீர்களா? உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம், 1932-ல் லண்டனில், ஒரே பிரேக்கில் 4137. எதிரே ஏறக்குறைய மூன்று மணி நேரம் நாற்காலியில் இருந்தவர் சாதாரண ஆளில்லை, இங்கிலாந்தின் பில்லியர்ட்ஸ் புலி ஜோ டேவிஸ். லிண்ட்ரமை அடக்க முடியாமல் விதியையே மாற்றினார்கள். நம் ஊரில் நன்றாக வேலை செய்கிறவன் தலையில் இன்னொருவன் வேலையையும் கட்டுவார்களே, அதே நியாயம்.

பார்க்கிறவர்களுக்குச் சலித்துவிட்டது. ஜோ டேவிஸோ ஏற்கெனவே உஷார். 1927-லேயே ஸ்னூக்கருக்கு ஓர் உலகப் போட்டியை ஏற்பாடு செய்து தானே வென்றும் வைத்திருந்தார். பரிசு ஆறு பவுண்டு பத்து ஷில்லிங். கூட்டம் அந்தப் பக்கம் போயிற்று, போனது போனதுதான். பூல் வந்து ஸ்னூக்கர் மேசையில் ஹெல்மெட் ஏறுகிறது என்று இன்று அழுகிற ஸ்னூக்கர்காரர்களே, பில்லியர்ட்ஸ் மேசைக்கு முதலில் துண்டு போட்டவர்கள் நீங்கள்தான்.

அந்த ஸ்னூக்கரும் நம் மண்ணில் பிறந்ததுதான். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற பட்டாள அதிகாரி (பிரிட்டிஷ் பிரதமர் இல்லை, அவர் வேறு) பொழுது போகாமல் கண்டுபிடித்தது. அப்புறம் ஊட்டி கிளப்பில்தான் விதிகளை எழுதிச் சுவரில் மாட்டினார்கள். ஸ்னூக்கர் என்ற சொல்லே புதிதாய்ச் சேர்ந்த கத்துக்குட்டியைக் கேலி செய்யும் ராணுவ வசவு. எனக்குக் கிடைத்த மரியாதைக்கு ரொம்பப் பொருத்தம்.

பூல் மீது தனிக் கோபம் ஒன்றும் கிடையாது, சத்தியமாக. பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயஸ் ஆடுவதைப் பார்த்தவன் பூலைக் குறை சொல்ல மாட்டான். 1985-ல் தன் பெயரைச் சொன்னால் யாரும் பந்தயத்துக்கு வரமாட்டார்கள் என்று அமெரிக்காவில் வேறு பெயரில் இறங்கி ஆடியவர். அவரை இந்தக் கடைக்குக் கூட்டி வந்தாலும், "அங்கிள், கையை லூசா விடுங்க" என்றுதான் சொல்வார்கள்.

எங்கே விட்டேன்? ஆங், கைதட்டல். கைதட்டல் ஓய்ந்தது, அக்கா மகன் எழுந்து வந்தான், கியூவை எடுத்தான், மேசைக்கு மேல் இருந்த விளக்கு பட்டென்று அணைந்தது. "டைம் ஓவர் சார்." தானாக அணைகிற விளக்காம், டைமரில் போட்டிருக்கிறார்களாம். டாம் ரீஸுக்கு வாரக்கணக்கு, எனக்கு அறுபது நிமிஷம், அதிலும் பத்து நிமிஷம் ஓடிபிக்குப் போயிற்று. பில்லில், கியூ நுனியில் தேய்க்கிற சாக்குக்கட்டிக்குத் தனியாக இருபது ரூபாய். அந்தக் கட்டி நடுவில் குழி விழுந்து கிணறு மாதிரி இருந்தது, கியூவின் நுனியில் தோலும் இல்லை, பெவிகாலின் ஞாபகம்தான் இருந்தது.

நேற்றுக் காலை ஃபோனில் குறுஞ்செய்தி. அதே கடை. "ஆரம்பநிலை ஆட்டக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பு, சனி ஞாயிறு, உங்களுக்காகவே சிறப்புத் தள்ளுபடி." உங்களுக்காகவே! அந்தப் பையன் இரக்கப்பட்டு என் நம்பரை அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறான். மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு, "போய்ட்டுதான் வாங்களேன்" என்றாள். வந்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

ஆமாம், இந்த ஃபோன் நம்பர் விஷயத்தை யாராவது கேட்க மாட்டீர்களா? மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை கேட்டால் நம்பர். செருப்புக் கடையில் நம்பர். முந்தாநாள் அரைக் கிலோ மிக்சர் வாங்கினேன், "நம்பர் சொல்லுங்க சார், பாயின்ட் ஏறும்" என்கிறான். மிக்சருக்கு எதுக்குடா பாயின்ட்?