கள்ளு காய்ச்சுவதில்லை, இறக்குவது

மூன்று நாளாக அந்தக் காணொளிதான் எல்லாரும் பகிர்கிறீர்கள். "மட்டக்களப்புக் கள்ளு வீட்டிலேயே காய்ச்சுவது எப்படி." இளநீர் ஒரு லீட்டர், சீனி 200 கிராம், பாணுக்குப் போடும் ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி. கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி மூன்று நாள் வைக்கட்டாம். கடைசியில் ஒரு மிடறு குடித்துவிட்டு, "அப்பிடியே கிராப்ட் பியர்" என்கிறார் தம்பி. சிறு ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சுகிற பியரைச் சொல்கிறார்.

கள்ளு காய்ச்சுவதில்லை தம்பி, இறக்குவது. காய்ச்சுவது கசிப்பு, கள்ளச்சாராயம். ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். அந்தச் சொல்லுக்குள் ஒரு மனிசனின் முழுத் தொழிலும் இருக்கிறது.

இளநீர் காய்க்குள் இருப்பது. கள்ளு விரியாத பாளையில் இருந்து வருவது. பாளை நீரில் 100 மில்லிலீட்டருக்கு 12 முதல் 16 கிராம் வரை சர்க்கரை இருக்கும். இளநீரில் 5 கிராமே பெரிய காரியம். அதனால்தான் அவருக்குச் சீனி தேவைப்பட்டது.

பாளை தானாகச் சுரக்காது. வெடிக்க முன் பார்த்து, நாரால் இறுக்கிக் கட்டி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துச் சாய்க்க வேண்டும். காலையும் மாலையும் சிறு கட்டையால் சுற்றிவரத் தட்ட வேண்டும். ஓங்கித் தட்டினால் உள்ளே பூ நசிந்து பாளை அழுகிவிடும். பட்டும் படாமலும் தட்டினால் ஒரு சொட்டும் இறங்காது. பிறகு நுனியைச் சீவுவது. கடதாசித் தடிப்பில் போக வேண்டும். தடிப்பாகச் சீவினால் ஒரு மாதம் ஓட வேண்டிய பாளை பத்து நாளில் தீர்ந்துவிடும். ஒரு நேரம் சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைத்துக்கொள்ளும். இத்தனைக்கும் ஒரு மரத்தில் நாளுக்கு ஒரு லீட்டர், ஒன்றரை லீட்டர்.

விடிய இறக்கிய முட்டியைக் கிட்டப் பாருங்கள். வாய்வரை நுரை, நுரையில் இரண்டு மூன்று தேனீ. காதை வைத்தால் மெல்ல இரையும். யாரும் ஈஸ்ட் போடவில்லை. காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கிற நுண்ணுயிர்கள் முதல் சொட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. பன்னாடையில் வடித்துக் குடித்தால் காலையில் இனிப்பு, பின்னேரம் காரம், அடுத்த நாள் புளிப்பு, மறுகா வினாகிரி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிப்பது தடைப்படும். முட்டியைச் சரியாகக் கழுவாவிட்டால் மத்தியானத்துக்கே புளித்துப்போகும். இவ்வளவு கணக்கும் ஏறி இறங்குகிற ஆளின் தலைக்குள் இருக்கிறது.

பிரசெல்ஸ் பக்கம் லம்பிக் என்று ஒரு பியர் இருக்கிறது. பார்லியும் கோதுமையும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை இரவு முழுக்கத் திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றில் வரும் ஈஸ்டாலேயே புளிக்க வைக்கிறார்கள். கிராப்ட் பியர்க்காரர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதே வேலையை எழுவான்கரையில், எங்கள் வாவிக்குக் கிழக்குக் கரையில், தென்னையில் ஒருவர் செய்தால் "ஊத்தைக் கள்ளு". அந்தக் காணொளியிலும் அந்தச் சொல் வந்தது. சுட்டது.

"அப்ப குடியை ஆதரிக்கிறீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. குடியால் எங்கள் ஊர்களில் எத்தனை வீடு விழுந்தது என்று எனக்கும் தெரியும். அந்த வீட்டுப் பெண்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் சீனிக்கரைசலுக்குக் கள்ளு என்று பேர் வைப்பதால் ஒரு வீடும் நிமிராது. "தவறணையிலும் சீனி கலக்கிறாங்களே?" கள்ளு விற்கிற அந்தக் கடைகளில் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் கள்ளு இல்லை. "சும்மா ஒரு வீடியோதானே?" சும்மா இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிப்பது 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். பார்த்துச் செய்கிற பிள்ளைகளைத்தான் பிடிப்பார்கள்.

கேட்கிறவர்களில் ஒருவரும் மரமேறுகிறவரைக் கேட்கவில்லை. தகப்பன் ஏறுகிற மரத்தைச் சொல்லி வகுப்பில் பிள்ளையைப் பழிக்கிற ஊர் இது. அதனால்தான் பிள்ளைகள் கத்தியைத் தொடுவதில்லை. மழைக்காலத்தில் வழுக்கும் மரத்தில், இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லாமல் ஏறுகிற மனிசனின் தொழிலை எடுத்து, ஈஸ்ட் ஒரு கரண்டி என்று சுருக்கியிருக்கிறீர்கள்.

தலைப்பில் இருந்து "மட்டக்களப்புக் கள்ளு" என்பதை எடுங்கள். மூடியை இறுக்கச் சொன்ன இடத்தை இன்றைக்கே வெட்டுங்கள். சோடாவில் லீட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரைதான் வாயு இருக்கும். 200 கிராம் சீனி முழுக்கப் புளித்தால் 100 கிராம் வரும். எந்தக் கண்ணாடியும் தாங்காது.

ஏற்கனவே போட்டு வைத்தவர்கள் போத்தலைத் தூக்காதீர்கள், குலுக்காதீர்கள். பிள்ளைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள். முதலில் தடித்த ஈரச் சாக்கால் முழுக்க மூடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்து, சாக்கின் மேலாலேயே மூடியை நூல் நூலாகத் தளர்த்துங்கள். இரைச்சல் நின்ற பிறகு வெளியில் கொண்டுபோய் ஊற்றிவிடுங்கள்.