எதுக்குன்னு சொல்ல மாட்டோம்

அரசு ஆபீஸில் தகவல் கேட்டு மனுப் போட்டதற்கு வந்த மறுப்புக் கடிதத்தை நேற்று அக்கா போட்டோ எடுத்து இங்கே போட்டிருந்தார். நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். சிரித்த முகம் போட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கேட்டது, அரசுக் குடியிருப்பில் அவருக்கு வீடு ஒதுக்கிய ஆணையின் நகல். அடுத்த வீட்டுக்காரருடையது அல்ல. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வடசென்னை வியாசர்பாடியில் அவருடைய கீழ் வீட்டுக்குள் கட்டில் முங்கத் தண்ணீர். டிரங்குப் பெட்டியில் இருந்த பேப்பரெல்லாம் கூழ். இப்போது கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறோம், ஒரிஜினல் ஆர்டரைக் காட்டு என்கிறார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு, போட்டார். 'தனிப்பட்ட தகவல் என்பதால் வழங்க இயலாது' என்று பதில் வந்திருக்கிறது. அக்காவிடமிருந்து அக்காவைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நல்ல மனசு.

அதைக்கூட விட்டுவிடலாம். பதில் வருவதற்கு முன்னால் ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்ததாம். "எதுக்கும்மா இதெல்லாம் கேக்குற? யாரு எழுதிக் குடுத்தா?" எனக்கு எரிந்தது அந்த 'எதுக்கு'வில்தான்.

2005-ஆம் வருடத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 6(2). கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லத் தேவையில்லை. பதில் அனுப்ப ஒரு முகவரி இருந்தால் போதும். இவ்வளவுதான் விஷயம். எதுக்கு என்று கேட்கிற உரிமை அந்த நாற்காலிக்குக் கிடையாது.

என் கதை சிலருக்குத் தெரியும். அப்பா போனபிறகு குடும்ப ஓய்வூதியத்துக்கு அலைந்தோம். அவருடைய ஃபைலில் அம்மா பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது என்றார்கள். சரி, ஃபைலைக் காட்டுங்கள் என்றால் "எதுக்கு?" தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறிப் பதினோரு தடவை போனேன். அம்மா வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை போட்டுக்கொள்வார், நான் உள்ளே போய்த் திட்டு வாங்கி வருவேன். கடைசியில் ஆர்டிஐ போட்டேன். சட்டத்தில் 30 நாள் கெடு, 27-ஆம் நாள் கடிதம் வந்தது. பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 14 பக்கத்துக்கு 28 ரூபாய் கட்டி நகல் வாங்கினேன். மாறிப்போன எழுத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது, தட்டச்சுப் பிழை. ஒன்பதாம் பக்கத்தில் அப்பாவின் லீவு லெட்டர். 'மகனுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு வேண்டும்.' நீல மசிக் கையெழுத்து, ஜெராக்ஸில் கறுப்பாகியிருந்தது. அந்த மகன் நான்தான். இதை எதுக்கு என்ற கட்டத்தில் எப்படி எழுதுவது?

இப்போது சிலர் வருவார்கள். "ஆர்டிஐ போடுறவன்ல பாதிப்பேர் மிரட்டிக் காசு பார்க்கிறவன்." இருக்கிறான், எனக்கும் ஒருவனைத் தெரியும். அதற்கு அக்கா என்ன செய்வார்? "ஆபீஸில் ஆளே இல்லை, வேலைப்பளு." உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போன் போட்டு யார் எழுதிக் கொடுத்தது என்று விசாரிக்க மட்டும் ஆள் இருக்கிறதே?

"புதுச் சட்டப்படி தனிப்பட்ட விவரம் தரக்கூடாது தம்பி" என்று ஒரு அண்ணன் நேற்றே பாடம் எடுத்தார். அண்ணே, தனிப்பட்ட தகவலை மறுக்க இடம் தருகிற 8(1)(ஜே) பிரிவில் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைவைத்தது எனக்கும் தெரியும். அடுத்தவர் விவரத்தைக் கேட்டால் அதை எடுத்து நீட்டுங்கள். தன் விவரத்தைத் தானே கேட்கிற பொம்பளையிடமுமா? பரீட்சை எழுதியவன் தன் விடைத்தாளைக் கேட்டுப் பார்க்கலாம் என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொந்த விடைத்தாளைப் பார்க்கலாம், சொந்த வீட்டு ஆர்டரைப் பார்க்கக்கூடாதா?

இன்னொருவர், "கவுன்சிலர்கிட்ட சொல்லியிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்" என்கிறார். முடிந்திருக்கும். அதுதான் வலிக்கிறது. தன் பேப்பரைத் தானே கேட்டால் திமிர், ஒருவர் காலைப் பிடித்து வாங்கினால் பண்பு. இதே மனுவை அடையாறு முகவரியிலிருந்து ஒரு ரிட்டயர்ட் ஆபீசர் போட்டிருந்தால் இந்த போன் வந்திருக்குமா? மூலக்கொத்தளம், கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று வடசென்னை முகவரியைப் பார்த்ததுமே குரல் ஒரு கட்டை ஏறிவிடுகிறது. குப்பைக்கிடங்கும் அனல்மின் நிலையச் சாம்பலும் எங்கள் பக்கம் வந்தபோது எதுக்கு என்று கேட்க எங்களுக்கு யாரும் போன் நம்பர் தரவில்லை. சரி, அது வேறு கதை. எழுத ஆரம்பித்தால் அங்கேதான் போய் நிற்கிறது.

இத்தனைக்கும் மத்தியச் சட்டம் வருவதற்கு எட்டு வருடம் முன்னால், 1997-லேயே தகவல் சட்டம் போட்ட மாநிலம் இது. பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

முதல் மேல்முறையீடு எழுதியாகிவிட்டது. பதில் கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும், இன்னும் 26 நாள் இருக்கிறது. அங்கேயும் கதவைச் சாத்தினால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். காரணமில்லாமல் மறுத்தால் நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 அபராதம் என்று அதே சட்டத்தில்தான் இருக்கிறது. போன் போட்டவர் 20-ஆம் பிரிவையும் ஒரு தடவை படித்துக்கொள்ளட்டும்.

நேற்று ராத்திரி படித்துக் காட்டியபோது அக்கா கேட்டது ஒன்றுதான். "வெள்ளத்துல போச்சுன்னு ஒரு வரி போட்டுடலாமாப்பா? பாவம்னு குடுப்பாங்க." வேணாம்க்கா என்றேன். மனசில்லாமல்தான் கையெழுத்துப் போட்டார்.