ஒரே பெயரில் இரண்டு கார்டு

பட்ஜெட்டில் தம்பிக்கு ஒரு கேமிங் கம்ப்யூட்டர் போட்டுத் தரலாம் என்று உட்கார்ந்தால், கிராபிக்ஸ் கார்டின் பெயரே மண்டையைக் காய வைக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3050 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கிறது. 8 ஜிபிக்கும் அதே பெயர், 6 ஜிபிக்கும் அதே பெயர். மெமரி மட்டும்தானே குறைவு என்று யாரும் நினைப்பார்கள். இல்லை. முதலாவதில் கணக்குப் போடும் கோர் 2560, மெமரிக்குப் போய்வரும் பாதையான பஸ் 128 பிட். இரண்டாவதில் 2304 கோர், 96 பிட். அது வேறு கார்டு! அதற்கு வேறு பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஜிடி 1030 என்ற கார்டின் கதையும் இதேதான்: வேகமான ஜிடிடிஆர்5 மெமரி இருந்த இடத்தில் மெதுவான டிடிஆர்4 போட்டு, பெயரை மட்டும் மாற்றாமல் விற்றார்கள். காசை எண்ணி எண்ணிச் சேர்த்து வாங்குகிறவர்தான் இதில் மாட்டுகிறார்.

அப்புறம் எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. "அது எதுக்கு சார் தனியா, கேபினெட்டோடவே வருது" என்றார் கடைக்காரர். திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் 450 வாட் என்று கொட்டை எழுத்து. கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்தான். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இழுப்பது அந்த 12 வோல்ட்டில்தான், மீதியை வைத்து என்ன செய்வது? இதைக் கேட்டால், "எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்கிறார். வாங்கிப் போனவர்களிடம் இந்தக் கணக்கை யாராவது சொன்னார்களா?